ஃபேன் பெல்ட் கத்துது: வீட்டுலயே மாத்தினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கன்சில்காரன், சுங்கை சிப்புட்:

எங்க வீட்டு பெரோடுவா கன்சில் 850 கார் கொஞ்ச நாளா காலையில ஸ்டார்ட் பண்ணினா கீச்சுனு கத்த ஆரம்பிச்சது. பக்கத்து வீட்டு நாயே எழுந்து வந்து எட்டிப் பாக்கும். கொஞ்ச நேரம் ஓடினா அடங்கிடும். மழை பெஞ்சா அடங்காது, ஏர்கோன் போட்டா இன்னும் ஜாஸ்தி. டவுன்ல ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டினேன். பானெட்டைக்கூட முழுசா தூக்காம, "ஆல்டர்னேட்டர் போச்சு, மாத்தணும்"னு விலை சொன்னாங்க. (ஆல்டர்னேட்டர்னா எஞ்சின் ஓடுறப்ப பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது, அதைச் சுத்துறதுதான் ஃபேன் பெல்ட்.) சரிங்கண்ணே, யோசிச்சு வரேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டேன்.

டார்ச் அடிச்சுப் பாத்தா விஷயம் அங்கயே தெரிஞ்சது. பெல்ட்டோட உள்பக்கத்துல நீளவாக்குல ஓடுற வரியெல்லாம் மழுங்கிப் பளபளன்னு இருக்கு. ஒரு ஓரத்துல நூல் பிரிஞ்சு தொங்குது. விரலால அழுத்தினா தொளதொளன்னு உள்ள போகுது. சந்தேகத்துக்கு மீட்டர் வெச்சுப் பாத்தேன். ஏர்கோன் போடாம எஞ்சின் ஓடுறப்ப பேட்டரியில 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல நிக்குது. ஆல்டர்னேட்டர் செத்திருந்தா அந்த அளவு வராது, 12-க்குப் பக்கத்துலயே கிடக்கும். பெல்ட்டைத்தான் மாத்தணும்னு முடிவு பண்ணினேன்.

வாங்குறப்ப பழைய பெல்ட்டோட முதுகைப் பாருங்க, அதோட ஜாதகமே அங்கதான் எழுதியிருக்கும். 4 பி.கே. 800-னு இருந்தா நாலு வரி, பி.கே. ங்கிறது வரியோட அளவு, 800 மில்லிமீட்டர் நீளம். (இது உதாரணத்துக்குச் சொன்ன நம்பர், இதையே போய்க் கேட்டுடாதீங்க.) எழுத்து அழிஞ்சிருந்தா சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம். ஃபேன் பெல்ட்டு, ஏர்கோன் பெல்ட்டு ரெண்டுமே ஒரே வயசு, ரெண்டையும் சேத்தே வாங்கினேன். அம்பது வெள்ளிக்குள்ளதான் ஆச்சு.

எஞ்சின் நல்லா ஆறின பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழட்டினேன். இதை யாரும் சோம்பல்பட்டு விட்டுடாதீங்க. ஸ்பேனர் தெரியாம ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற பெரிய வயர்ல பட்டா நெருப்பு பறக்கும். சில கார்ல சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்தும், அதுவும் ஒரு காரணம். பெல்ட் எந்தப் புல்லியில (பெல்ட் மாட்டுற சக்கரம்) எப்படிப் போகுதுன்னு ஹேன்ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டேன். ரெண்டு பெல்ட் இருக்கிற வண்டியில எது வெளிப்பக்கம் இருக்கோ அதுதான் முதல்ல வரும்.

ஆல்டர்னேட்டரைப் பிடிச்சிருக்கிறது ரெண்டு இடம். ஒண்ணு நீளமான போல்ட், அதுதான் அச்சு. இன்னொண்ணு நீள ஓட்டை போட்ட இரும்புப் பட்டை, அதுல பூட்டு போல்ட். ரெண்டையும் லூஸ் பண்ணினாத்தான் ஆல்டர்னேட்டர் அசையும். பூட்டு போல்ட்டை மட்டும் லூஸ் பண்ணிட்டு கம்பி போட்டு நெம்பினா பட்டைதான் வளையும். எங்க காருல அச்சு போல்ட் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருந்தது. பெல்ட் பக்கம் துணியை மூடிட்டு டபிள்யூடி-40 அடிச்சு ஊற விட்டேன். ஒரு தே ஓ குடிச்சிட்டு வந்து ஸ்பேனர் போட்டா டக்குனு விட்டுச்சு.

பழைய பெல்ட்டைக் கழட்டினதும் புதுசை மாட்ட அவசரப்பட வேணாம். புல்லியெல்லாம் சும்மா நிக்கிற நேரம் அதுதான். ஒவ்வொண்ணையும் கையால சுத்திப் பாத்தேன். ஆல்டர்னேட்டர் சத்தமில்லாம வழுக்கிட்டு ஓடுச்சு. எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்டை ஓட்டுற வாட்டர் பம்ப், அதோட புல்லியை ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டினேன், ஆட்டம் இல்ல. அதுக்கு அடியில கூலண்ட் வழிஞ்சு காய்ஞ்ச தடம் இருக்கான்னு விரலால தடவிப் பாத்தேன், அதுவும் இல்ல. கரகரன்னு மணல் அரையுற மாதிரி கையில பட்டா பேரிங் போகப் போகுதுன்னு அர்த்தம், அப்ப புது பெல்ட் போட்டாலும் பிரயோஜனமில்ல. புல்லி வரிக்குள்ள செம்மண்ணும் பழைய ரப்பர் தூளும் இறுகிப்போயிருந்தது. காய்ஞ்ச பல் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்தேன்.

புது பெல்ட்டையும் பழசையும் தரையில பக்கத்துல பக்கத்துல போட்டு அளந்தேன். பழசு ஒரு இழை நீளமா இருந்தா அது தேய்மானம், பெரிய வித்தியாசம்னா கடையில தப்பா கொடுத்திருக்காங்க. மாட்டிட்டு ஒவ்வொரு வரியும் புல்லிப் பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாத்துக்கணும். ஒரு வரி தள்ளி உக்காந்தாலும் பெல்ட் சீக்கிரம் கிழிஞ்சிடும். அப்புறம் சுத்தியல் கட்டையை வெச்சு ஆல்டர்னேட்டரை மெதுவா வெளியே தள்ளிப் பிடிச்சுக்கிட்டு முதல்ல பூட்டு போல்ட், பிறகு அச்சு போல்ட். நீளமான இடத்தோட நடுவுல கட்டைவிரலால நல்லா அழுத்திப் பாத்தேன், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிச்சு. சரியான அளவு ஒவ்வொரு வண்டிக்கும் புத்தகத்துல இருக்கும். எஞ்சினோட கிராங்க் புல்லி நடுவுல இருக்கிற போல்ட்ல ஸ்பேனர் போட்டு எஞ்சின் ஓடுற திசையிலயே கையால சுத்தி, பெல்ட் நேரா ஓடுதான்னு பாத்த பிறகுதான் பேட்டரியை மாட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். சத்தமே இல்ல. புது பெல்ட் கொஞ்சம் ஓடினதும் தளரும், அதனால அந்த வாரக் கடைசியில மறுபடி அழுத்திப் பாத்து ஒரு இழை இறுக்கினேன். உங்க அனுபவத்தையும் போடுங்க.

பழைய பிட்டர், லிந்தாங் ரோடு:

தம்பி, புல்லியைக் கையால சுத்திப் பாத்தீங்க பாருங்க, அங்கதான் வேலை தெரிஞ்சவன்னு காட்டிட்டீங்க. நான் முதல்ல ரப்பர் ஃபேக்டரி, அப்புறம் செம்பனை ஆலைன்னு பிட்டர் வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். மோட்டார் பெல்ட் எவ்வளவோ மாத்தியிருக்கோம். ஸ்க்ரூட்ரைவர் விட்டு நெம்பி பெல்ட்டை ஏத்துறவனை எங்க மண்டோர் பிடி பிடின்னு பிடிப்பாரு. அப்படி ஏத்தினா உள்ள இருக்கிற நூல் அறுந்துடும், வெளியே பாத்தா ஒண்ணும் தெரியாது. இடம் விட்டுத் தளர்த்தி மாட்டு, பிறகு இழு. அதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

என்கிட்ட இன்னமும் பழைய புரோட்டான் சாகா கார்தான். அதுல வரி பெல்ட் கிடையாது, வி பெல்ட். வி பெல்ட் ரெண்டு பக்கச் சுவரைப் பிடிச்சுத்தான் இழுக்கும், அடியில படக்கூடாது. புல்லியோட அடிப்பள்ளம் பளபளன்னு மின்னினா பெல்ட் தேய்ஞ்சு கீழே இறங்கிடுச்சு, இல்ல புல்லியே தேய்ஞ்சிடுச்சு. அதை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும்.

இன்னொண்ணு, கத்துதேன்னு வீணைக் கம்பியாட்டம் இறுக்கிடுறாங்க. கத்தல் நிக்கும், அப்புறம் வாட்டர் பம்ப் பேரிங் போகும், ஆல்டர்னேட்டர் பேரிங் போகும். தொளதொளப்பா இருந்தா பெல்ட்தான் கெடும், இறுக்கினா மெஷினே கெடும்னு நாங்க பேசிக்குவோம். எஸ்டேட் செம்மண் ரோட்டுல தினமும் ஓடுற வண்டியா இருந்தா எஞ்சினுக்கு அடியில இருக்கிற மூடி ஒழுங்கா இருக்கான்னும் பாத்துக்குங்க. அது கழண்டு போயிருந்தா மண்ணும் கல்லும் நேரா பெல்ட்டுக்குத்தான் ஏறும்.

டீச்சர் அக்கா:

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் அறுந்த அனுபவம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ஈப்போவிலிருந்து கோல கங்சாருக்கு ஹைவேயில் போய்க்கொண்டிருந்தேன், மெனோரா சுரங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டில். பானெட்டுக்குள் சாட்டை அடித்தது போல் ஒரு சத்தம். உடனே பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. கார் வழக்கம்போலவே ஓடியது, அதனால் அடுத்த டோல் வரை போய்விடலாம் என்று பக்கத்தில் இருந்த என் அண்ணன் சொன்னார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்ப முள் நகரத் தொடங்கியது. அண்ணன் பேச்சைக் கேட்காமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டேன். டோ லாரிக்காக வெயிலில் காத்திருந்த நேரம் முழுவதும் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் பெல்ட் மட்டும் மாற்றினார்கள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி விளக்குக்கும் வெப்ப முள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ போமன்:

அக்கா, நீங்க நிறுத்தினதாலதான் எஞ்சின் பொழச்சது. உங்க கார்ல ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் சுத்துது, வாட்டர் பம்பையும் சுத்துது. அறுந்ததும் சார்ஜ் நிக்கும், அதான் சிவப்பு விளக்கு. பம்பும் நின்னதால கூலண்ட் ஓடாது, சூடு ஏறும். அப்படியே டோல் வரைக்கும் போயிருந்தா எஞ்சின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கெட் எரிஞ்சு, ஹெட்டே வளைஞ்சிருக்கலாம். சில எஞ்சின்ல வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டோட (வால்வை நேரம் தப்பாம திறந்து மூட வைக்கிற பெல்ட்) ஓடும். அந்த மாதிரி வண்டியில ஃபேன் பெல்ட் அறுந்தா சூடு ஏறாது, பேட்டரியில மிச்சம் இருக்கிற வரைக்கும் ஓடும். உங்க வண்டி எந்த ரகம்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கணும்.

வீட்டுல செய்யறவங்களுக்கும் ஒரு வார்த்தை. டைமிங் பெல்ட் வேற, இது வேற. டைமிங் பெல்ட் மூடிக்குள்ள இருக்கும், பல் வெச்சிருக்கும். அதுல ஒரு பல் தள்ளி மாட்டினாலே எஞ்சின் டைமிங் மாறிடும், சில எஞ்சின்ல வால்வே வளைஞ்சிடும். அதைத் தொடாதீங்க.

வெடிப்பு இல்ல, அதனால பெல்ட் நல்லா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க. அது பழைய காலத்துப் பேச்சு. அப்ப வந்த நியோப்ரீன் பெல்ட் வயசானா குறுக்கே வெடிக்கும், எண்ணிப் பாத்து மாத்தலாம். இப்ப வர்றது ஈ.பி.டி.எம். ரப்பர், வெடிக்காமலே வரி மட்டும் தேய்ஞ்சுக்கிட்டே வரும். வரியோட ஆழத்தைத்தான் பாக்கணும், அதுக்குன்னே சின்ன பிளாஸ்டிக் அளவுகோல் இருக்கு. நம்ம அப்பா அம்மா வெட்டின ரப்பர் பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இது பெட்ரோலியத்துல இருந்து வர்ற ரப்பர். மரத்துப் பால்ல செஞ்ச ரப்பர் பானெட்டுக்குள்ள இருக்கிற சூட்டையும் காத்துல இருக்கிற ஓசோனையும் இவ்வளவு நாள் தாங்காது. ஆனா எஞ்சின் எண்ணெய் ஈ.பி.டி.எம்-முக்கும் எமன்தான். எஞ்சின் மேல இருக்கிற வால்வ் கவர்ல கசிவு இருந்தா அதை முதல்ல அடைச்சிட்டுத்தான் பெல்ட் வாங்கணும்.

விவா தம்பி, பாகான் செராய்:

எங்க பெரியப்பா சோப்புக் கட்டியை பெல்ட்ல தேய்க்கச் சொன்னாரு. சாயந்தரம் வரைக்கும் சத்தம் இல்ல, மறுநாள் மழையில டபுளா கத்துச்சு. அப்புறம் ஒரு கடையில பெல்ட் மாத்தினாங்க. அப்பவும் "சிக் சிக் சிக்"னு சத்தம் விடல. இன்னொரு பெல்ட் மாத்தினாங்க, அதே கதைதான். பிரச்சினை பெல்ட்டுலயே இல்லையோன்னு தோணுதுலா. போமன் அண்ணே, என்ன பண்ணலாம்?

ஈப்போ போமன்:

ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணி எடுத்துக்குங்க. எஞ்சின் ஓடட்டும், கையும் சட்டையும் தள்ளி இருக்கட்டும், பெல்ட்டோட வரி இருக்கிற பக்கத்துல லேசா அடிங்க. சத்தம் உடனே நின்னு, காய்ஞ்சதும் திரும்ப வந்தா புல்லி நேர்கோட்டுல இல்ல. தண்ணி பட்டதும் சத்தம் ஏறினா பெல்ட் வழுக்குது, டென்ஷன் (இறுக்கம்) பத்தல. நீங்க சொல்ற சிக் சிக் முதல் ரகமாத்தான் தெரியுது. ஆல்டர்னேட்டர் எப்பவாவது மாத்தினீங்களா? ஹாஃப் கட் கடையில (வெட்டின பழைய காரோட பார்ட்ஸ் விக்கிற கடை) வாங்கிப் போட்டா புல்லி நிக்கிற இடம் ரெண்டு மில்லிமீட்டர் முன்னபின்ன மாறியிருக்கலாம், அது போதும். நீளமான இரும்பு ஸ்கேலை ரெண்டு புல்லி முகத்துலயும் ஒட்ட வெச்சுப் பாருங்க.

பெல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் சோப்பு மாதிரிதான். பிசுபிசுப்புல மண் ஒட்டி வரியைத் தின்னுடும்.

பழைய பிட்டர், லிந்தாங் ரோடு:

ஸ்ப்ரே விஷயத்துல எனக்கு மாத்துக் கருத்து உண்டு. ஆலையில தட்டை பெல்ட்டுக்கு நாங்க மெழுகு போட்டுத்தான் ஓட்டினோம், நல்லாவே ஓடுச்சு. வரி பெல்ட்டுக்கு ஆகாதுன்னு போமன் சொன்னா ஒத்துக்கிறேன்.

விவா தம்பி, பாகான் செராய்:

ஆமாண்ணே! போன வருஷம் ஹாஃப் கட்லதான் ஆல்டர்னேட்டர் வாங்கினோம். இப்பதான் ஸ்கேல் வெச்சேன், ஆல்டர்னேட்டர் பக்கம் நல்லாவே இடைவெளி தெரியுது. பிராக்கெட்டுல ஒரு வாஷர் குறையுது போல. இதை நானே பாத்துக்கலாமா?

ஈப்போ போமன்:

பழைய ஆல்டர்னேட்டர்ல இருந்த வாஷர் எங்கயாவது கிடந்தா அதையே போடுங்க. இல்லன்னா கழட்டி எடுத்துட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்க, கண்ணால பாத்து வாங்காதீங்க, தடிமனை அளந்து வாங்குங்க.

கன்சில்காரன், சுங்கை சிப்புட்:

தங்கச்சி புது கார் வாங்கியிருக்கு, அதுல ஆல்டர்னேட்டரை நகத்துற போல்ட்டே காணோம். ஸ்பிரிங் வெச்ச டென்ஷனர் ஒண்ணுதான் இருக்கு. அதுல ஸ்பேனர் போட்டுத் திருப்பினா பெல்ட் தளருது, விட்டா தானா இறுகிக்குது. பாக்க சுலபமா இருக்கு. நான் அதைத் தொடல, வாரண்டி இருக்கு.

புதுசா வந்தவர், பாரிட் புந்தார்:

பெரோடுவா கெலிசா காருக்கும் கன்சில் பெல்ட்டே ஆகுமாண்ணே? கடையில எடுத்து வெச்சிருக்காங்க.

கன்சில்காரன், சுங்கை சிப்புட்:

எஞ்சினே வேறயா இருக்கலாம் தம்பி. அதைத் திருப்பிக் கொடுத்துட்டு உங்க வண்டி சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்க. பழைய பெல்ட்டையும் கையோட கொண்டு போங்க.