லாரித் தண்ணீர் வந்த அன்று அம்மாவுக்கு வாந்தி: டயாலிசிஸ் நீரைப் பற்றி எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்)
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. சென்ற வாரம் மேட்டூர் தண்ணீர் வராததால், மையத்தில் போர் தண்ணீரை லாரியில் வரவழைத்தார்கள். அன்று இரண்டாம் மணி நேரத்தில் அம்மாவுக்கு வாந்தியும் தலைவலியும் வந்து, ரத்த அழுத்தமும் ஏறியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் அப்படியே. ஆர்.ஓ. இருப்பதால் தண்ணீரில் குறை இருக்காது என்கிறார்கள். மேற்கொண்டு என்ன கேட்பது?

பதில் 1
அவசியம் கேளுங்கள். நான் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் நீர் டயலைசருக்குள் (ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டிக்குள்) ஓடுகிறது. அந்த நீருக்கும் அம்மாவின் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான் இருக்கிறது. நம்முடையது வெள்ளைக்கல் (மெக்னீசியம் உள்ள மேக்னசைட்) வெட்டும் பூமி. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்பும் மெக்னீசியமும் ரத்தத்தில் ஏறினால், நீங்கள் சொன்ன தொந்தரவுகள் அத்தனையும் வரும். அவற்றைப் பிடித்து வைப்பது ஆர்.ஓ.வுக்கு முன்னால் நிற்கும் சாஃப்ட்னர். மேட்டூர் தண்ணீருக்குக் கணக்கிட்டு உப்பு போட்டுப் புதுப்பித்துவந்த சாஃப்ட்னர் போர் தண்ணீரில் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆர்.ஓ. சவ்வும் பழையதென்றால் மிச்சம் உள்ளே வந்துவிடும். வாந்திக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். ஆனால் ஒரே ஷிப்டில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால் தண்ணீரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பதில் 2 (ஏற்காடு)
என் கணவருக்காக மலையிலிருந்து இறங்கி வருகிறோம். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் அதுவும் ஆபத்தா?

பதில் 1
ஆபத்துதான், அம்மா. குளோரின் நீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைனாகிவிட்டால், ஆர்.ஓ. அதை முழுதாகத் தடுக்காது. ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கார்பன் டேங்க்தான் அதை நீக்கும். ஆகவே இரண்டு கார்பன் டேங்குகளுக்கு நடுவிலிருந்து நீர் பிடித்து, ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகவில்லையென்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்
இன்று பதிவேட்டைப் பார்த்தேன். லாரி வந்த இரண்டு நாட்களுக்கும் கடினத்தன்மைக் (சுண்ணாம்பு, மெக்னீசியம் அளவு) கட்டம் வெறுமையாக இருந்தது. குளோரினுக்குக் கட்டமே இல்லை. மருத்துவரிடம் அதைக் காட்டினேன். அடுத்த ஷிப்டைத் தொடங்குவதற்கு முன் என் கண்ணெதிரே நீரைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்.