நான்கு வயது மகனுக்கு ராத்திரி மட்டும் தாங்க முடியாத அரிப்பு, களிம்பு தடவியும் திரும்ப வருகிறது

மழைத்துளி
என் மகனுக்கு நான்கு வயது. ஐந்து வாரமாக உடம்பில் அரிப்பு. முதலில் மணிக்கட்டில் இரண்டு மூன்று சிவந்த புள்ளிகள்தான் இருந்தன. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் விரல் இடுக்கு, அக்குள், தொப்புளைச் சுற்றி, தொடை இடுக்கு என்று பரவிவிட்டது. பகலில் விளையாடும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. படுக்க வைத்து அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது, ரத்தம் வரும்வரை சொறிகிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் காட்டிய இடத்தில் கரப்பான் என்று சொல்லி ஒரு ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்கள். நான்கு நாள் அடங்கியது. நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. சோப்பை மாற்றினேன், துணிக்குப் போடும் சோப்புத்தூளை மாற்றினேன், முட்டையையும் பாலையும் நிறுத்திப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. காய்ச்சல் கிடையாது. அதே களிம்பை மறுபடி தடவலாமா? எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேங்கை
காணாக்கடியாக இருக்குமோ? என் பையனுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனது.

மூன்று பிள்ளைகளின் அப்பா
காணாக்கடி என்றால் தடிப்பு ஓரிடத்தில் எழும்பி, சில மணி நேரத்தில் மறைந்து, வேறு இடத்தில் வரும். ஒரே தடிப்பு ஒரு நாளுக்கு மேல் அப்படியே நிற்காது. இவர் சொல்வது ஐந்து வாரமாக அதே இடங்களில் நிற்கிறது. என் இரண்டாவது மகளுக்குக் கரப்பான் இருக்கிறது, அதனால் எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அவளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும்தான் வரும். பிறந்ததிலிருந்தே தோல் வறண்டு கிடக்கும். உங்கள் மகனுக்கு முன்பு இப்படி இருந்ததுண்டா சகோதரி?

செவிலி அக்கா
மழைத்துளி, களிம்பைப் பற்றிப் பேசுமுன் மூன்று விஷயம் சொல்லுங்கள் மா. வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா, லேசாக என்றாலும்? விரல் இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய நூல் போலச் சின்னக் கோடு ஏதாவது தெரிகிறதா? ஆண் குறியிலோ விதைப்பையிலோ சின்ன உருண்டையாகக் கொப்புளம் இருக்கிறதா?

மழைத்துளி
அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். எனக்கே பத்து நாளாக இடுப்பிலும் மணிக்கட்டிலும் அரிக்கிறது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்திருந்தேன். ஏழு வயது மகள் விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள். கணவருக்கும் மாமியாருக்கும் ஒன்றும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், மகனுக்கு விரல் இடுக்கில் வளைந்து போகும் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. நீங்கள் சொன்ன உருண்டையும் இரண்டு இருக்கிறது. இதற்குமுன் தோல் பிரச்சினை எதுவும் அவனுக்கு வந்ததில்லை.

செவிலி அக்கா
அப்படியானால் இது சிரங்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நேரில் பார்த்துத் தோல் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் ராத்திரி அரிப்பு, விரல் இடுக்கு, வீட்டில் இன்னும் இரண்டு பேர் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது அதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு பூச்சி, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே போய் முட்டை இடுகிறது. நீங்கள் பார்த்த கோடு அது குடைந்த வழி. ஒருவர் உடம்பில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். உடம்பெல்லாம் அரிப்பது, பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் எதிராக உடம்பு காட்டும் ஒவ்வாமையால். அந்த ஒவ்வாமை உருவாக முதல் தடவை 4 முதல் 6 வாரம் பிடிக்கும். உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் இன்னும் அரிக்கவில்லை என்பதால் அவர்களிடம் பூச்சி இல்லை என்று அர்த்தமில்லை.

ஸ்டீராய்டு களிம்பு அந்த ஒவ்வாமையை மட்டும் அடக்கும், பூச்சியைக் கொல்லாது. அதனால்தான் நான்கு நாள் நிம்மதி, பிறகு பழையபடி. அதையே தொடர்ந்து தடவினால் தோலில் தெரியும் அடையாளங்கள் மாறி, மருத்துவருக்கே கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். தயவுசெய்து தடவாதீர்கள். முட்டையும் பாலும் திரும்பக் கொடுங்கள், வளரும் பிள்ளை.

இன்னொன்று. இது அழுக்கினால் வருவதில்லை. நன்றாகக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டி இருந்தால் போதும், பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூங்கினாலே தொற்றும். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மூன்று பிள்ளைகளின் அப்பா
செவிலி அக்கா சொல்வதுதான் சரி. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கரப்பான் வராது, அது தொற்றுநோயே இல்லை. என் மகளுக்கு நாங்கள் செய்வது வேறு: குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரை நிறையத் தடவுவது, சிவந்து கிளம்பும்போது மட்டும் மருத்துவர் சொன்ன களிம்பை அவர் சொன்ன நாள்வரை தடவுவது. அந்த வைத்தியத்தை இங்கே போட்டால் வேலைக்கு ஆகாது.

மருந்தாளுநர்
சிரங்கு என்று உறுதியானால் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் எழுதுவார்கள். மருந்து தோற்பதைவிட, தடவும் விதத்தில் தவறு நடப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். அரிக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பது போலத் தடவக் கூடாது. கழுத்திலிருந்து பாதம்வரை ஓர் இடம் விடாமல், விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில், தொப்புள், பிட்ட இடுக்கு, உள்ளங்கால் எல்லாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையிலும் காதுக்குப் பின்னாலும் தடவச் சொல்வார்கள், கண்ணிலும் வாயிலும் படாமல். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி தடவுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 30 கிராம் வேண்டும், ஒரே டியூபை நான்கு பேருக்குப் பங்கு போடாதீர்கள். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு தடவை.

வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் தடவ வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும்தான். இதைச் செய்யாவிட்டால் மற்றது எல்லாம் வீண்.

மழைத்துளி
இன்று தோல் மருத்துவரிடம் போய் வந்தோம். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார், சிரங்குதான். பெர்மெத்ரின் கொடுத்திருக்கிறார். மகன் முழங்கையில் சொறிந்த இடத்தில் மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருந்ததால் அதற்குத் தனியாக ஆன்டிபயாடிக் எழுதினார். சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்தால் அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், முகம் வீங்கினாலோ சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ உடனே வரச் சொன்னார். அரிப்புக்கு அவன் எடைக்கு ஏற்ற அளவில் ஒரு சிரப்பும் உண்டு.

மாமியார் "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்றார். அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன், சரி என்றுவிட்டார். ஐந்து பேரும் இன்றிரவு தடவுகிறோம். படுக்கை விரிப்பு, துண்டு, கடந்த மூன்று நாள் போட்ட துணி எல்லாம் நாளைக் காலை வெந்நீரில். துவைக்க முடியாத பொம்மைகளைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைக்கச் சொன்னார். பூச்சி உடம்பை விட்டு வெளியே வந்தால் இரண்டு மூன்று நாளைத் தாண்டாதாம்.

மழைத்துளி
தடவி ஒன்பது நாள் ஆகிறது. கோடுகள் மங்கிவிட்டன, எனக்கும் மகளுக்கும் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மகனுக்கு ராத்திரி இன்னும் அரிக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? தினமும் தடவட்டுமா?

செவிலி அக்கா
தினமும் வேண்டாம், தோல் எரிச்சல்பட்டு அதனாலேயே அரிக்கும். பூச்சி செத்த பிறகும் ஒவ்வாமை அடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது அரிப்பை அல்ல, புதிதாகப் புள்ளியோ கோடோ வருகிறதா என்பதைத்தான். வரவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது. மருத்துவர் சொன்ன நாளில் ஐந்து பேரும் இரண்டாவது தடவை போடுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கு வாரம் தாண்டியும் அரித்தால் திரும்பக் காட்டுங்கள். பள்ளியிலும் சொல்லிவிடுங்கள், கூட விளையாடும் பிள்ளைகளிடமிருந்து திரும்பி வரலாம்.

மழைத்துளி
இரண்டாவது தடவையும் போட்டு ஒரு வாரம் ஆயிற்று. புதிதாக ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவன் காலை ஆறரைக்குத்தான் எழுந்தான். நான் இரண்டு தடவை எழுந்து மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன். அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி, மனதாரச் சொல்கிறேன்.

நிலாமுற்றம்
எங்கள் வீட்டிலும் இதே கதை, எனக்கும் மூத்தவளுக்கும் சிரங்கு என்று உறுதியாகிவிட்டது. கைக்குழந்தைக்கு ஆறு வாரம்தான் ஆகிறது, உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறது. எங்களுக்குக் கொடுத்த கிரீமையே அவனுக்கும் தடவலாமா?

மருந்தாளுநர்
வேண்டாம். பெர்மெத்ரின் இரண்டு மாதம் நிறைந்த குழந்தைகளுக்குத்தான். ஐவர்மெக்டின் மாத்திரையும் 15 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கந்தகம் சேர்ந்த களிம்பு கொடுப்பதுண்டு, அதையும் குழந்தை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ நாளைவரை காத்திருக்காதீர்கள், இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் இரண்டாவது தடவையை அவனுக்கு மருந்து போடும் நாளோடு சேர்த்துப் போட முடியுமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.