கையெழுத்துக்காக வீடு வீடாகப் போகும் தீர்மானப் புத்தகம்: நிர்வாகக் குழுவை எப்படிக் கூட வைப்பது?

கேட்பவர்: மாலைப் படிப்பகம்

வணக்கம். தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். 2009இல் சங்கமாகப் பதிவானது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 64 பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் விடிகாலையில் ஜீப் ஏறிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும் என்பதால் அந்த நேரத்துக்குப் பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும், அதுதான் நாங்கள். இரண்டு ஆசிரியைகளின் சம்பளம், உதவியாளர் சம்பளம், வாடகை, சுண்டல், நோட்டு எல்லாம் சேர்த்து மாதம் 41,000 ரூபாய் சொச்சம் ஆகிறது.

நான் பகலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், மாலையில் இங்கே பாடம் எடுக்கிறேன். போன ஜூனில் என்னைச் செயலாளர் ஆக்கி, பீரோ சாவியைக் கையில் கொடுத்தார்கள். பீரோவில் இருந்த தீர்மானப் புத்தகத்தை அன்றைக்கே புரட்டிப் பார்த்தேன். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. கடைசி நான்கு பக்கங்களில் ஒரு வரிகூட எழுதவில்லை, தேதியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உறுப்பினர்களின் கையெழுத்து வரிசையாக இருந்தது. உதவியாளர் அண்ணனிடம் கேட்டேன். "எப்பவும் இப்படித்தான் டீச்சர். மஞ்சப்பையில வச்சு வீடு வீடாப் போய் வாங்கிட்டு வந்துருவேன். எப்ப என்ன தேவையோ சார் எழுதிக்குவார்" என்றார்.

குழுவில் ஏழு பேர். தலைவர்தான் நிறுவனர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், 76 வயது, நாங்கள் 'சார்' என்று சொல்வது அவரைத்தான். பொருளாளர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். மருந்துக்கடைக்காரர் ஒருவர், பழைய கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், மகளிர் குழுவிலிருந்து இரண்டு அக்காமார், அப்புறம் நான். இரண்டு வருடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. காசோலையில் சார் ஒருவர் கையெழுத்துப் போட்டாலே போதும். படிப்பகம் நடக்கும் கட்டடம் பொருளாளருடையது. ஜனவரியிலிருந்து வாடகை 6,000த்திலிருந்து 9,500 ஆகிவிட்டது. அதற்கு ஒரு தீர்மானமும் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சார் ஒரு ரூபாய் எடுத்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. ஓய்வுப் பணத்திலிருந்து 3 லட்சம் போட்டு இதை ஆரம்பித்தவர் அவர். இன்றைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் அவர்தான் எடுக்கிறார். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது ஒரு நிறுவனம் 6 லட்சம் தருவதாகச் சொல்லி, மூன்று வருடக் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தின் நகலையும் கேட்கிறது. அந்த நான்கு பக்கங்களை நிரப்பிக் கொடுத்துவிடு என்கிறார் பொருளாளர். மனம் ஒப்பவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1: காவிரிக்கரை

அம்மா, அந்த நான்கு பக்கங்களை நிரப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 14 வருடம் ஒரு முதியோர் இல்லத்துக்குச் செயலாளராக இருந்தவன். உங்களைப் போலவே ஒரு நாள் அப்படி ஒரு பக்கத்தை நிரப்பினேன். வங்கிக்கு அவசரமாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. கையெழுத்து இருந்தது, ஒரு தேதி போட்டு எழுதிவிட்டேன். யாரையும் ஏமாற்ற எழுதவில்லை. மூன்று வருடம் கழித்து நிறுவனர் காலமானார். குழு இரண்டாக உடைந்து, வழக்கு வந்தது. நான் போட்ட தேதியில், கையெழுத்துப் போட்ட உறுப்பினர் ஒருவர் மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பதை எதிர்த்தரப்பு எடுத்து வைத்தது. அந்த ஒரு பக்கத்தால் புத்தகம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளானது. உண்மையாகவே கூடி, உண்மையாகவே எழுதிய 11 வருடத் தீர்மானங்களும் அதோடு சேர்ந்து போயின. வங்கிக் கணக்கை நிறுத்தி வைத்தார்கள். 22 பெரியவர்களுக்கு மளிகைக் கடையில் பற்று எழுதித்தான் சோறு போட்டோம். அந்தப் பற்று நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மொத்தம் 2 வருடம் 5 மாதம்.

அதனால் அந்த நான்கு பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, தேதியிட்டு, நீங்களும் தலைவரும் கையெழுத்துப் போடுங்கள். கிழிக்கக் கூடாது. அடுத்த பக்கத்தில், நிஜமாகக் கூடும் முதல் கூட்டத்தில், இன்ன இன்ன பக்கங்கள் ரத்து செய்யப்பட்டன என்று முதல் தீர்மானமாக எழுதுங்கள்.

கூட்டத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வையுங்கள். உங்கள் அளவுக்கு அது போதும். வருடத் தொடக்கத்திலேயே ஆறு தேதிகளையும் குறித்துக் கொடுத்துவிட்டால், "எனக்குச் சொல்லவில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு வாரம் முன்னதாக ஒரே ஒரு தாள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் போக வேண்டும். வங்கியில் ஆரம்ப இருப்பு, வந்தது, போனது, மீதி, கொடுக்க வேண்டியது. கூடவே பாஸ்புக் பக்கத்தின் படம். கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு கணக்கை நீட்டினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தவர்தான் கேட்பார். தீர்மானத்தை அங்கேயே எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, டீ வருவதற்கு முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். டீ குடித்துவிட்டால் ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் பெயரோடு எழுதுங்கள்.

வாடகைப் பேச்சு வரும்போது பொருளாளர் அறையை விட்டு வெளியே இருக்கட்டும், வெளியே இருந்தார் என்பதும் புத்தகத்தில் ஏறட்டும். அதே தெருவில் இதே அளவுள்ள இரண்டு கட்டடங்களின் வாடகையை விசாரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை 9,500 நியாயமான வாடகையாகவே இருக்கலாம். அப்படியானால் அது அவருக்குத்தான் நல்லது.

காசோலைக்கு, மூன்று பேரில் இருவர் கையெழுத்து என்று மாற்றுங்கள். இதுதான் கஷ்டமான இடம், கூட்டத்தில் திடீரென்று எடுக்காதீர்கள். அதற்கு முன்னால் சார் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். என் இல்லத்தின் கதையைச் சொல்லுங்கள். எங்கள் நிறுவனரும் உங்கள் சாரைப் போலச் சொந்தப் பணத்தைப் போட்டவர்தான். அவர் உயிரோடு இருக்கும்போது இதை அவரிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. பேசியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பதில் 2: பற்று வரவு

டீச்சர், நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஐயா சொன்னதோடு சட்டப் பக்கம் கொஞ்சம்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் பெயர் செயலாளராக மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஏறியிருக்கிறதா? குழுவில் ஆள் மாறினால் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்களில் சாவி கைமாறியிருக்கும், படிவம் போயிருக்காது. அப்படியானால் காகிதத்தில் பழையவர்தான் செயலாளர்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்கள் திரும்ப வரலாம், ஆனால் முறையாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பொதுக்குழுவை நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள் கூட்ட வேண்டும். நிர்வாகக் குழு கூடியதையே பொதுக்குழு என்று எழுதி வைப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உங்களிடம் உறுப்பினர் பதிவேடு இருக்கிறதா, அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

வாடகை விஷயம் வருமான வரியிலும் இடிக்கும். நிறுவனருக்கோ குழு உறுப்பினருக்கோ அவர்களுடைய உறவினருக்கோ நியாயமான அளவுக்கு மேல் பணம் போனால் வரிவிலக்குக்கே கேள்வி வரும். அதனால் அந்த இரண்டு கட்டட விசாரிப்பைக் காகிதத்தில் வையுங்கள். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அது செலவுக் கணக்கில் ஏறாது. நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் கொடுத்தவருக்கு 80ஜி என்கிற நன்கொடை வரிச்சலுகை கிடைக்காது. நிறுவனம் தருவது சமூகப் பொறுப்பு நிதியாக (சிஎஸ்ஆர்) இருந்தால், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இரண்டோடு, அந்த நிதியை வாங்கும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் கேட்பார்கள். இவை இல்லாமல் தீர்மானப் புத்தகத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்தும் பயனில்லை.

பதில் 3: ஏரி வாரியம்

எங்கள் ஊர் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊர்ச் சபையின் நிர்வாகக் குழுவான வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகளை 919இல் வகுத்தார்கள், இரண்டே ஆண்டில், 921இல், திருத்தி விரிவாக எழுதினார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் திரும்ப வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் பார்த்தவருக்கும் இடமில்லை. தங்கை வீட்டுக்காரர் பொருளாளர் என்று படித்ததும் அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் சார் தமிழாசிரியர் மனம் உள்ளவர் என்று தெரிகிறது. அவரிடம் இதைப் பேசிப் பாருங்கள், டீச்சர். வெளியூர் நிறுவனம் கேட்கிறது என்று சொல்வதைவிட இது அவர் மனதில் இறங்கும்.

மீண்டும் கேட்டவர்: மாலைப் படிப்பகம்

ஐந்து வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சார் வீட்டுக்குப் போனேன். காவிரிக்கரை ஐயாவின் பற்று நோட்டுக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "புத்தகம் கொண்டு வந்திருக்கியாம்மா?" என்று கேட்டார். உள்ளே போய் அடிஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்து வந்து, நான்கு பக்கங்களிலும் அவரே மூலைக்கு மூலை கோடு போட்டார். கை நடுங்கியது, கோடு நேராகத்தான் விழுந்தது. 'ரத்து' என்று எழுதி, தேதி போட்டு, என்னிடம் பேனாவை நீட்டினார்.

உத்திரமேரூர் பற்றிச் சொன்னதும் "கணக்குக் காட்டாதவன்" என்ற சொல்லை இரண்டு தடவை திரும்பச் சொன்னார். நான் பயந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

போன ஞாயிறு கூட்டம் நடந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். பொருளாளர் வரவில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. வாடகையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். இரண்டு கட்டடங்களை விசாரித்தேன், ஒன்று 7,000, ஒன்று 8,500. இருவர் கையெழுத்து என்பது தீர்மானமாகி, வங்கிக்குக் கடிதம் போயிருக்கிறது. படிவம் 7 போகவில்லை என்பது தெரிந்தது, இப்போது தாக்கல் செய்திருக்கிறோம். நிறுவனத்துக்கு இருக்கிற நிலையை அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

கூட்டத்தில் நான் எதிர்பார்க்காதது வேறு. கணக்குத் தாளை ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பியிருந்தேன் அல்லவா, மகளிர் குழு அக்கா ஒருவர் அதை நாலாக மடித்துக் கொண்டு வந்திருந்தார். சுண்டல் கணக்கு 7,200 ரூபாயைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். "அறுபத்தி நாலு பிள்ளைக்கு மாசம் நாப்பது கிலோ கடலைதான் ஆகும். தினம் தினம் கடையில சில்லறையா வாங்குறதால இவ்வளவு வருது. மூட்டையா எடுத்தா ஆயிரத்து எண்ணூறு மிச்சம்" என்றார். இத்தனை வருடமாக அவர் குழுவில் இருக்கிறார். புத்தகம் மஞ்சப்பையில் அவர் வீட்டுக்குப் போனது, கையெழுத்துப் போட்டார், கணக்கு மட்டும் போகவில்லை.

"எங்க மகளிர் குழுவுல வாராவாரம் உக்காந்து புத்தகம் எழுதுறோம் டீச்சர். இங்க எழுதலாமான்னு எனக்குக் கேக்கத் தெரியல" என்றார். சார் அவர் பக்கம் புத்தகத்தைத் தள்ளிவைத்தார். அன்றைய தீர்மானங்களை அந்த அக்காதான் எழுதினார். அடுத்த கூட்டம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. கடலை மூட்டை வாங்க அவரே ஆண்டிபட்டி சந்தைக்குப் போகிறார்.