இலங்கையின் வடக்குக்குச் சுற்றுலா திரும்பியது 2002 இலா, 2009 இலா?

பனங்கூடல்: "போர் முடிந்த 2009 மே மாதத்துக்கு முன் யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா என்று ஒருவரும் வந்ததில்லை" என்று ஊர்சுற்றி எழுதியிருக்கிறார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2002 பெப்ரவரியில் அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்தம், ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. அந்த வருடமே தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகச் சனம் வந்தது. கூரையில் விறகு, கிடாரம், அரிசி மூட்டை. குருநாகலிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் கிணற்றடியில் சமைத்துச் சாப்பிட்டு, விறாந்தையில் படுத்து, விடிய நயினாதீவு விகாரைக்குப் போனது. போகும்போது அம்மாவுக்குக் கித்துள் கருப்பட்டி தந்தார்கள். அம்மா புழுக்கொடியல் கட்டிக் கொடுத்தார். இவர்கள் எல்லாம் யார், ஊர்சுற்றி?

ஊர்சுற்றி: அது யாத்திரை ஐயா. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையின் முகமாலைச் சோதனைச்சாவடி மூடியதும் எல்லாம் முடிந்தது. நாலு வருடம் திறந்திருந்ததற்கு இவ்வளவு பெருமையா? யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014. பலாலியில் சர்வதேச விமானம் 2019. நாகப்பட்டினம் கப்பல் 2023. எல்லாம் 2009 க்குப் பிறகு.

பனங்கூடல்: யாத்திரையோ சுற்றுலாவோ, வந்தார்களா இல்லையா? 2002.

மதுரைக்காரன்: இரண்டு பேரும் சண்டையை விடுங்கள். நான் அந்தக் கப்பலில்தான் வந்தேன். டெல்ஃப்ட் தீவில் காட்டுக் குதிரைகள், பவளக்கல் வேலிகள், அந்தப் பெரிய பெருக்கு மரம்... இன்னும் கண்ணில் நிற்கிறது.

பனங்கூடல்: நெடுந்தீவு. டெல்ஃப்ட் ஒல்லாந்தர் வைத்த பெயர்.

மதுரைக்காரன்: குறிகட்டுவான் படகுத்துறையில் நின்றவரே டெல்ஃப்ட் என்றுதான் சொன்னார். ஆசையாக எழுத வந்தவனுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

பனங்கூடல்: எங்கள் தீவுக்கு வந்துவிட்டு எங்கள் பெயரைச் சொல்லமாட்டீர்கள். அதைத்தான் சொல்கிறேன்.

ஊர்சுற்றி: இவர் எப்போதும் இப்படித்தான். நல்லூர்த் திருவிழா 25 நாள் என்று நான் எழுதியதற்கு, கொடியேற்றத்துக்கு முதல்நாளையும் எண்ணவேண்டும் என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றார். நான் மறக்கவில்லை.

வன்னியாள்: 2009, 2009 என்கிறீர்கள். போர் முடிந்த கையோடு கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்குப் பலகை நட்டு, பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் போட்டார்கள். ஆட்கள் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அப்போது எங்கள் சனம் இடம்பெயர்ந்தவர்களுக்கான மெனிக் பாம் முகாமில். அது மூடியது 2012 செப்டெம்பரில். உங்கள் சுற்றுலா எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது, வீட்டில் நாங்கள் இல்லை.

ஊர்சுற்றி: அக்கா, வேதனை புரிகிறது. ஆனால் வந்தவர்களால் கடை, ஆட்டோ, விடுதி என்று பிழைத்தவர்களும் உண்டு. இப்போது இளம் பிள்ளைகள் சைக்கிள் பயணம், கடலேரிப் படகு என்று கேட்டு வருகிறார்கள்.

வன்னியாள்: போர் முடிந்து பத்து வருடம் கழித்தும் முகமாலையில் கண்ணிவெடி கிளறிக்கொண்டிருந்தார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்குப் பக்கத்தால் மாடு கலைத்தவள் நான். சாகசம் எங்களுக்கு வேண்டியமட்டும் கிடைத்தது.

பனங்கூடல்: அக்கா சொன்னதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஏன் 2002 என்று நிற்கிறேன் தெரியுமா? 2009 என்றால் சுற்றுலாவைத் துப்பாக்கி கொண்டுவந்தது என்றாகிறது. 2002 என்றால் துப்பாக்கி ஓய்ந்ததால் சனம் தானாக வந்தது என்றாகிறது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் விடுதி நடத்தியது எந்தக் காலத்தில்? 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பார்க்க அந்தக் குருநாகல் குடும்பமும் போனது. 97,000 புத்தகம் என்று அம்மா சொன்னபோது அந்தத் தாய் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வருகையை இல்லை என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

மதுரைக்காரன்: நெடுந்தீவுக்குக் காலைப் படகு எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்வீர்களா? மறுபடி வர நினைக்கிறேன்.

ஊர்சுற்றி: 2006 பற்றி இன்னும் பதில் வரவில்லை.

பனங்கூடல்: வந்து தங்கியவர்களின் பெயரும் திகதியும் அம்மாவின் கொப்பியில் இருக்கிறது. முதல் பக்கம் 2002 ஜூன். நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.

ஊர்சுற்றி: போடுங்கள். அப்போதும் 2009 தான்.

வன்னியாள்: அதே கொப்பியில் 2006 ஓகஸ்டுக்குப் பிறகு வருகிற பக்கத்தையும் எடுத்துப் போடுங்கள்.