தேக்கு இலைகள் ஒரே வாரத்தில் போய்விட்டன, மருந்து அடிக்கலாமா?

செங்கோட்டை விவசாயி:
மலையடிவாரத்தில் 2019இல் வரப்போரம் 210 தேக்கு நட்டேன். மே மாதக் கோடைமழைக்குப் பின் எல்லாம் கொழுந்துவிட்டு நின்றன. சென்ற வெள்ளிக்கிழமை மரத்தடியில் நின்றபோது தூறல் விழும் ஓசை கேட்டது. வானமோ வெளுத்துக் கிடந்தது. கையை நீட்டினேன், கடுகளவு கறுப்பு எச்சம் விழுந்தது. இன்று இலைகளில் நடுநரம்பும் பெரிய கிளைநரம்புகளும்தான் மிச்சம். கறுத்த புழுக்கள் நூலில் தொங்கி இறங்குகின்றன. உரக்கடையில் விஷமருந்து ஒன்றை இன்றே அடிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தை மாதமும் மார்பளவு உயரத்தில் சுற்றளவை அளந்து நோட்டில் எழுதிவருகிறேன். மரங்கள் பட்டுவிடுமா?

கூடலூர் முதியவர்:
பட்டுப்போகாது தம்பி, பயப்படாதீர்கள். நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் 22 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். நீங்கள் சொன்ன எச்ச மழையில் பலமுறை நனைந்திருக்கிறேன். இது ஹிப்ளேயா என்ற அந்துப்பூச்சிப் பேரினத்தைச் சேர்ந்தது. தேக்கைத் தின்பது ஹிப்ளேயா பியூரா. தாய்ப்பூச்சி இளந்துளிரில்தான் முட்டையிடும். புழு இலையோரத்தை வெட்டி மடித்து, அந்த மடிப்புக்குள் பதுங்கிக்கொண்டு தின்னும்.

நூலில் இறங்குகின்றன என்கிறீர்களே, அவை தின்று முடித்தவை. சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகப் போகின்றன. இனி மருந்தடித்தால் வரப்போர வாய்க்கால் நீரும் தேனீக்களும்தான் கெடும். மூன்று நான்கு வாரங்களில் மறுதுளிர் வரும்.

ஆனால் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலம்பூரில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். இளந்தோட்டங்களில் இந்தப் புழுவால் மரம் பருக்கவேண்டிய அளவில் 44 சதவீதம் குறைந்தது. உங்கள் நோட்டை விட்டுவிடாதீர்கள், அடுத்த தையில் அது தெரியும். நுனிக்குருத்து போயிருந்தால் மரம் கவைவிட்டு வளரும். புதிதாக எழும் தண்டுகளில் நேரானது ஒன்றை விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள்.

திருவையாறு வாசகர்:
ஐயா, எங்கள் வாய்க்கால் கரைத் தேக்கில் ஐப்பசியில் இலை வலைபோல் ஆகிறது. இதே புழுவா?

கூடலூர் முதியவர்:
இல்லை. சின்ன நரம்புகளையும் விட்டுவைத்து, சதையை மட்டும் சுரண்டியிருந்தால் அது வேறு அந்துப்பூச்சி. முற்றிய இலையைத் தின்பது. உதிரப்போகும் இலைதானே, வளர்ச்சிக்குப் பெரிய கெடுதல் இல்லை.

செங்கோட்டையாரே, கூழாகித் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் உண்டா? இருந்தால் அவை வைரஸ் தாக்கியவை. அந்த வைரஸையே இந்தப் புழுவுக்கு எதிரான தெளிப்பாக பீச்சியில் உருவாக்கினார்கள். மற்ற உயிர்களை அது தொடாது.

சுரபாயா தமிழர்:
இந்தோனேசியாவில் போஜோநெகோரோ பக்கம் மழைக்காலத் தொடக்கத்தில் மக்கள் தேக்கங்காட்டுச் சருகைக் கிளறி இந்தக் கூட்டுப்புழுக்களைப் பொறுக்குகிறார்கள். வறுத்துச் சோற்றோடு உண்கிறார்கள், சந்தையிலும் விற்கிறார்கள். சிலருக்கு உடல் அரிக்கும். நானும் அரிப்பில் தவித்தேன்.

செங்கோட்டை விவசாயி:
மருந்து வாங்கவில்லை ஐயா. இன்று 26ஆம் நாள். 210 மரங்களிலும் துளிர் வந்துவிட்டது. 17 மரங்களில் நுனி போயிருக்கிறது. ஏணி வைத்துக் கழித்துக்கொண்டிருக்கிறேன். கூழாகித் தொங்கிய புழு ஆறுதான் கண்டேன். நேற்றிரவு விளக்கடியில் பின்னிறகில் மஞ்சள் தீற்றலோடு ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. அதுதானா?

கூடலூர் முதியவர்:
முன்னிறகு சாம்பல் கலந்த பழுப்பாகவும், பின்னிறகு கறுப்பில் ஆரஞ்சு மஞ்சளாகவும் இருந்தால் அதுவேதான். துளிர்களை ஒரு வாரம் தினமும் பாருங்கள்.