இரண்டாவது சிம்மில் ஆர்சிஎஸ் இணையவில்லை, விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். ஆண்ட்ராய்டு போன், இரண்டு சிம். கூகுள் மெசேஜஸில் முதல் சிம்முக்கு ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக இணையம் வழியே மெசேஜ் அனுப்பும் வசதி) 'கனெக்டெட்' என்கிறது. இரண்டாவது 'செட்டிங் அப்' என்பதைத் தாண்டவே இல்லை.

எண்ணைச் சரிபார்க்க போன் பின்னணியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பக்கூடும் என்பதால், அந்த சிம்மின் ரீசார்ஜைத்தான் முதலில் பார்த்தது. சாதாரண எஸ்எம்எஸ் தடையில்லாமல் போகிறது. மொபைல் டேட்டாவை அந்த சிம்முக்கு மாற்றி, வைஃபையை அணைத்து, கேரியர் சர்வீசஸ் செயலியின் டேட்டாவை அழித்து, ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை.

இந்த எண் முன்பு வேறு போனில் இருந்தது. அந்தப் போன் இப்போது கையில் இல்லை. கூகுளின் ஆர்சிஎஸ் நீக்கும் பக்கத்தில் எண்ணைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வந்த 6 இலக்கக் குறியீட்டால் பழைய பதிவை நீக்கியாயிற்று. அது ஒட்டிக்கொண்டிருந்தால் அனுப்புகிறவர் பக்கம் 'சென்ட்' என்று காட்டும், இங்கே எதுவும் வராது.

"எஸ்எம்எஸ்ஸே போதாதா" என்று கேட்பவர்களுக்கு: ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 குறி கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 70தான். அதைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும், துண்டுக்கு 67. புள்ளியும் கொம்பும் தனிக்குறிகள். 'தமிழ்' என்பதே ஐந்து!

தெரிய வேண்டியவை: சரிபார்ப்பு எஸ்எம்எஸ் எந்த சிம் வழியாகப் போகிறது என்று எங்கே பார்ப்பது? எஸ்எம்எஸ்ஸுக்கான இயல்பு சிம்மை மாற்றினால் சரியாகுமா? பதிவை நீக்கியபின் மறுபதிவுக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும்? ஃபேக்டரி ரீசெட் யோசனை மட்டும் வேண்டாம்.