திரி: ஆட்லர் சுட்டதால்தான் ஆஸ்திரிய நாடாளுமன்றம் திறந்ததா?

மைக்கூடு:
நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போனது: "நீதிக்காகத் துப்பாக்கி எடுத்த பத்திரிகை ஆசிரியர் ஃப்ரீட்ரிக் ஆட்லர். அவருடைய தோட்டாதான் ஆஸ்திரிய நாடாளுமன்றத்தைத் திறந்தது." கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. கைதட்டினவர்களில் ஒருத்தராவது தேதியைப் பார்த்தீர்களா? பிரதமர் ஸ்டூர்க்கை ஆட்லர் வியன்னா ஓட்டலில் சுட்டது 1916 அக்டோபர் 21. நாடாளுமன்றம் கூடியது 1917 மே 30. நடுவில் ஏழு மாதம் ஒன்பது நாள். எந்தத் தோட்டா ஐயா ஏழு மாதம் பறக்கும்?

உரைகல்:
எழுதியது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோபிக்க மாட்டேன்.

ஸ்டூர்க் சபையை மூடியது 1914 மார்ச் 16. போர் தொடங்கவே இன்னும் நாலு மாதம் இருந்தது. செக் உறுப்பினர்கள் சபையை நடத்த விடவில்லை என்பது காரணம். அதற்கப்புறம் எல்லாமே 14ஆம் பிரிவு. 1867 அரசியல் சட்டத்தில் உள்ள அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? சபை கூடாத காலத்தில் அவசரம் வந்தால், எல்லா அமைச்சர்களும் கையெழுத்துப் போட்டு, பேரரசர் பேரில் ஆணை விடலாம். அடுத்த முறை சபை கூடிய நான்கு வாரத்துக்குள் அதைக் கீழவையில் வைத்தாக வேண்டும், வைக்காவிட்டால் காலாவதி. அப்படியென்றால் சபையைக் கூட்டவே கூட்டாதே! நான்கு வாரக் கணக்கு தொடங்கவே தொடங்காது. அந்த ஓட்டைக்குள் உட்கார்ந்துதான் ஸ்டூர்க் இரண்டரை வருஷம் ஆண்டார். நாடாளுமன்றக் கட்டடத்தை ராணுவ மருத்துவமனை ஆக்கியாச்சு.

எழுதிக் கேட்கலாமா? பக்கத்தை முன்கூட்டியே தணிக்கைக்குக் காட்ட வேண்டும். அவர்கள் அடித்த வரிகளைப் பிடுங்கினால் அந்த இடம் அப்படியே வெள்ளையாக அச்சாகி வரும். முதல் பக்கத்தில் தலைப்பு இருக்கும், கீழே பாதிப் பத்தி வெறும் தாள். இப்படி எல்லா வாசலும் சாத்தப்பட்ட ஆசிரியன் என்ன செய்வான் என்று நீங்களே சொல்லுங்கள்.

மைக்கூடு:
14ஆம் பிரிவுப் பாடம் பிரமாதம். ஆனால் ஏழு மாதத்துக்குப் பதில் எங்கே?

நானே வரிசையாகச் சொல்கிறேன். ஸ்டூர்க் போனதும் கெர்பர் பிரதமர். திறந்தாரா? இல்லை. நவம்பர் 21, சுட்டுச் சரியாக ஒரு மாதத்தில், கிழப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் செத்தார். கார்ல் பட்டத்துக்கு வந்தார். டிசம்பரில் கெர்பரும் போய் கிளாம்-மார்ட்டினிட்ஸ் வந்தார். அவராவது திறந்தாரா? அவர் அதே 14ஆம் பிரிவை வைத்து அரசியல் அமைப்பையே மாற்றத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். 1917 மார்ச்சில் ரஷ்யாவில் ஜார் கவிழ்ந்தார். அதற்குப் பிறகுதான் வியன்னாவுக்குப் பயம் வந்தது. ஊரில் ரொட்டிக்கு வரிசை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதான். அதுவும் காக்கை உட்கார்ந்து ஏழு மாதம் கழித்து.

வெள்ளெருக்கு:
ரெண்டு பேரும் அடிப்படையையே விட்டுட்டீங்க. ஆட்லர் என்ன பத்திரிகையாளரா? படிச்சது இயற்பியல். ஜூரிக் பல்கலைக்கழகப் பதவிக்குப் போட்டியில் இருந்தவர், ஐன்ஸ்டைனுக்காக ஒதுங்கிக்கிட்டார். 1911லிருந்து சமூக ஜனநாயகக் கட்சிச் செயலாளர். "பத்திரிகையாளர்" பட்டம் யார் கொடுத்தது?

உரைகல்:
ஜூரிக்கில் 'ஃபோல்க்ஸ்ரெஷ்ட்' ஆசிரியர். வியன்னாவில் 'டேர் கம்ப்ஃப்' ஆசிரியர். இது போதாதா? பட்டத்தை நான் கொடுக்கவில்லை, அவர் பார்த்த வேலை கொடுத்தது.

பூரான்:
நீதிமான் ஓட்டலில் மதியச் சாப்பாடு வரவழைத்து, சாப்பிட்டு முடித்து, காத்திருந்து, பிறகு எழுந்து போய்த் தலையில் சுட்டார். இதில் "வேறு வழியில்லாமல்" எங்கே வருகிறது? ஸ்டூர்க்கும் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தார், கையில் ஆயுதம் இல்லை.

உரைகல்:
சுட்டுவிட்டு ஓடினாரா? கொடுங்கோன்மை ஒழிக, அமைதி வேண்டும் என்று கத்திவிட்டுப் பிடிபட்டார். அப்பா விக்டர் ஆட்லர் கட்சித் தலைவர். மகன் புத்தி பேதலித்துச் செய்துவிட்டான் என்று சொல்லிக் காப்பாற்றப் பார்த்தார். மகன் அந்தக் கதவையும் சாத்தினார், அறிந்தே செய்தேன் என்றார். 1917 மே 18, 19 விசாரணை. ஜூரி கிடையாது, நீதிபதிகள் மட்டும் உட்கார்ந்த தனி நீதிமன்றம், அதுவும் அவசர ஆணையின் புண்ணியம். அங்கே மணிக்கணக்கில் பேசி ஸ்டூர்க் ஆட்சியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். தீர்ப்பு தூக்கு. பதினோரு நாளில் சபை கூடியது. பதினோரு நாள் மைக்கூடு சார், ஏழு மாதம் இல்லை!

மைக்கூடு:
ஓ, இப்போது தோட்டா போய்ப் பேச்சு வந்துவிட்டதா? நேற்று எழுதியது "தோட்டாதான்". சபையைக் கூட்டுவது என்று முடிவெடுத்தது விசாரணைக்கு முன்னால். மருத்துவமனையைக் காலி செய்து, பேரரசு முழுக்க உறுப்பினர்களை வரவழைத்துச் சபை நடத்துவது பதினோரு நாள் வேலையா? ஆக மறுபடி ஏழு மாதம்தான்.

தூக்கு பதினெட்டு வருஷச் சிறையாகக் குறைந்தது, 1918 நவம்பரில் பேரரசே நொறுங்கும்போது வெளியே வந்துவிட்டார். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை? பிரெஞ்சு சோசலிஸ்ட் தலைவர் ழோரெஸ் பற்றிய திரியிலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினீர்கள். மறக்கவில்லை.

உரைகல்:
ழோரெஸை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்?

பூரான்:
இழுக்கத்தானே வேண்டும்? 1914 ஜூலை 31, பாரிஸ், அங்கேயும் சாப்பாட்டுக் கடை, அங்கேயும் துப்பாக்கி. செத்தவர் 'லுமானிதே' நிறுவிய பத்திரிகையாளர். சுட்ட வில்லேனும் நாட்டுக்கு நியாயம் செய்ததாகத்தான் நினைத்தான். 1919ல் ஜூரி அவனை விடுதலை செய்தது, வழக்குச் செலவு ழோரெஸ் மனைவி தலையில். ஜூரி இருந்தால் நீதி கிடைக்கும் என்று ஏங்குகிறவர் இதற்கு என்ன சொல்கிறார்?

உரைகல்:
வில்லேன் சுட்டது போரை எதிர்த்தவரை. ஆட்லர் சுட்டது போரை நடத்தியவரை. இது கூடப் புரியாதவரிடம் என்ன பேச?

வெள்ளெருக்கு:
ஆட்லர் சிறையில் உட்கார்ந்து இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் பற்றி எழுதினதையும், சார்பியலில் தப்பு கண்டுபிடிச்சதாக நினைச்சதையும் யாருமே பேசல. ஐன்ஸ்டைன் அவருக்காகச் சாட்சி சொல்லத் தயாரா இருந்தார், ஆனா அந்த இயற்பியலை ஏத்துக்கல.

மைக்கூடு:
வெள்ளெருக்கு, அதற்குத் தனித் திரி போடுங்கள். இங்கே ஒருவர் இன்னும் தேதிக் கணக்குக்குப் பதில் சொல்லவில்லை.

உரைகல்:
சொல்லியாச்சு. படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

மைக்கூடு:
எங்கே, எந்தப் பதிவில்? வரியை எடுத்துப் போடுங்கள். கெர்பர் ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஒரு வரி, கிளாம்-மார்ட்டினிட்ஸ் டிசம்பரிலேயே ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஒரு வரி. ரெண்டே வரி போதும்.

பூரான்:
தணிக்கையில் போயிருக்கும். வெள்ளையாக இருக்கிறதே, பாருங்கள்.